ஜனவரி 20: செபஸ்தியாரும் பபியானும் ஒரே நாளுக்கு வந்தது எப்படி?

ஜனவரி 20 என்றால் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் புனித செபஸ்தியார் திருவிழா. மன்னார் மறைமாவட்டத்தின் பேராலயமே அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் பாதுகாவலராக இருக்கும் ஊர்களில் கொடியேற்றம், நவநாள், சப்பரம் என்று நாள்கணக்கில் விழா நடக்கும். ஆனால் திருவழிபாட்டு நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஜனவரி 20க்கு நேரே முதலில் நிற்பது வேறொரு பெயர்: 'புனித பபியான், திருத்தந்தை, மறைசாட்சி'. அதற்குப் பிறகுதான் செபஸ்தியார் வருகிறார். இருவருக்கும் 'விருப்ப நினைவு' என்றுதான் போட்டிருக்கும். தரவரிசையில் அதுதான் கடைசி.

இதைப் பார்ப்பவர்களுக்கு உடனே மூன்று கேள்விகள் எழுகின்றன. யார் இந்த பபியான்? இருவரும் சேர்ந்து கொல்லப்பட்டவர்களா? ஊரே திரளும் விழாவுக்கு ஏன் 'விருப்பம் இருந்தால் கொண்டாடலாம்' என்ற தரம்?

நடுக்கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. பபியான் இறந்தது கி.பி. 250இல், டேசியஸ் பேரரசர் காலத்தில். செபஸ்தியார் கொல்லப்பட்டது ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பிந்தி, டயோக்ளீசியன் காலத்தில் என்பது மரபு. இருவரையும் சேர்த்து வைத்தது 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் உள்ள ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளும் அவிழ்ந்துவிடும்.

முதலில் மூன்று சொற்கள்

1. மறைசாட்சி. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு 'சாட்சி' என்றுதான் பொருள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைக் குறித்த சாதாரணச் சொல் அது. நம்பிக்கையை மறுக்கச் சொல்லி மிரட்டியபோதும் மறுக்காமல் உயிரை விட்டவர்களுக்கு 2ஆம் நூற்றாண்டில் அது பட்டப்பெயராகிவிட்டது. சீர்திருத்தச் சபையினர் 'இரத்தசாட்சி' என்பார்கள்.

2. பிறந்தநாள். பழைய ரோமைப் பட்டியல்களில் ஒரு மறைசாட்சியின் 'பிறந்தநாள்' என்று வந்தால், அவர் தாய் வயிற்றிலிருந்து பிறந்த நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அவர் இறந்த நாள். விண்ணகத்தில் பிறந்த நாள். ரோமானியர்கள் இறந்துபோன உறவினரின் பிறந்தநாளில் கல்லறைக்குப் போய் விருந்துண்பது வழக்கம். கிறிஸ்தவர்கள் அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு நாளை மட்டும் மாற்றினார்கள். நாயன்மார் குருபூஜையை அவர்கள் இறைவனடி சேர்ந்த நட்சத்திரத்தில் செய்து பழகிய நம் ஊருக்கு இது புரியாத விஷயம் இல்லை.

3. அடக்கம். பல பட்டியல்கள் இறந்த தேதியைக் காட்டிலும் உடல் அடக்கம் செய்யப்பட்ட தேதிக்கும் இடத்துக்கும் முக்கியத்துவம் கொடுத்தன. காரணம் எளிது. ஆண்டுதோறும் மக்கள் கூடியது கல்லறையில்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ஸ்மிர்னா நகர ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டதை விவரிக்கும் 2ஆம் நூற்றாண்டுக் கடிதம் சான்று. அவருடைய எலும்புகள் விலையுயர்ந்த கற்களைவிட மேலானவை, அவற்றை எடுத்துத் தகுந்த இடத்தில் வைத்தோம், அங்கே கூடி அவருடைய மறைசாட்சியத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுவோம் என்று அந்தச் சபையார் எழுதுகிறார்கள். திருவிழா என்று இன்று நாம் சொல்வதன் வித்து இதுதான்: ஓர் உடல், ஓர் இடம், ஒரு தேதி.

354ஆம் ஆண்டின் பட்டியல்

ஃபிலோக்கலஸ் என்ற கைதேர்ந்த எழுத்துக்கலைஞர், வாலண்டினஸ் என்ற ரோமைக் கிறிஸ்தவருக்காக 354இல் ஒரு தொகுப்பைத் தயாரித்தார். நாள்காட்டி, ஆட்சியாளர் வரிசை, திருத்தந்தையர் வரிசை என்று பலவும் அதில் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு சிறு பட்டியல்கள். ஒன்று, ரோமை ஆயர்களின் அடக்க நாள்கள். மற்றொன்று, மறைசாட்சிகளின் அடக்க நாள்கள்.

மறைசாட்சிகள் பட்டியல் டிசம்பர் 25இல் தொடங்குகிறது: யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார். கிறிஸ்து பிறப்பு விழா அந்தத் தேதியில் இருந்ததற்கு மிகப் பழைய சான்றாக ஆய்வாளர்கள் காட்டும் வரியும் இதுவே. அடுத்த வரி நேரே ஜனவரிக்குத் தாவுகிறது:

'பிப்ரவரி முதல் நாளுக்கு 13ஆம் நாள். கலிஸ்துவின் இடத்தில் பபியான், கத்தகும்பாஸில் செபஸ்தியான்.'

அவ்வளவுதான் அந்த வரி. கலிஸ்துவின் இடம், கத்தகும்பாஸ் இரண்டும் ரோமையின் நிலத்தடிக் கல்லறைகள். இதைப் பிரித்துப் பார்ப்போம். ரோமானியர்கள் மாதத்தின் பிற்பகுதித் தேதிகளை அடுத்த மாதம் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள், அந்த முதல் நாளையும் சேர்த்து. பிப்ரவரி 1 முதலாவது, ஜனவரி 31 இரண்டாவது, 30 மூன்றாவது என்று எண்ணிக்கொண்டே வந்தால் 13ஆவது ஜனவரி 20இல் வந்து நிற்கும்.

ஆண்டு எங்கே? இல்லை. இதுதான் கவனிக்க வேண்டிய இடம். இப்படியொரு பட்டியல் வரலாறு எழுதுவதற்காகப் போடப்பட்டதல்ல. 'இன்றைக்கு எந்தக் கல்லறைக்குப் போக வேண்டும்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்காகப் போடப்பட்டது. ஆண்டுதோறும் திரும்பி வரும் விழாவுக்கு நாளும் இடமும் போதும். மிகச் சில வரிகளில் மட்டுமே ஆண்டு உண்டு. ஆகவே, வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் அடக்கமான இருவர் இந்தப் பட்டியலில் தாமாகவே ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இரண்டு கல்லறைகளும் ஆப்பியா நெடுஞ்சாலையை ஒட்டியவை. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். அன்று ரோமை நகர வாயிலைத் தாண்டிப் போகும் பக்தர் காலையிலேயே இரண்டையும் பார்த்துவிட முடியும்.

பபியான்: கல்லில் இருக்கும் சாட்சி

பபியான் 236இல் ரோமை ஆயரானார். அந்தத் தேர்தலைப் பற்றி வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் ஓர் அழகான செய்தி தருகிறார். புதிய ஆயரைத் தேர்ந்தெடுக்கச் சபை கூடியிருக்கிறது. பெரிய பெயர்கள் பல அடிபடுகின்றன. நாட்டுப்புறத்திலிருந்து வந்திருந்த பபியானை யாரும் நினைக்கவே இல்லை. திடீரென்று ஒரு புறா அவர் தலையில் வந்து அமர்கிறது. இயேசுவின் திருமுழுக்கில் இறங்கிய ஆவியைப் போல என்று நினைத்த கூட்டம், 'இவரே தகுதியானவர்!' என்று ஒரே குரலில் கூவி அவரை இருக்கையில் அமர்த்தியது.

அவருடைய 14 ஆண்டுப் பணியில் ஒன்று நிலைத்தது: ரோமை நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் திருத்தொண்டர்களிடம் ஒப்படைத்தார். ஏழைகளைக் கவனிப்பதற்கும் கல்லறைகளைப் பராமரிப்பதற்கும் அந்த அமைப்பு உதவியது. மறைசாட்சிகளின் கல்லறை எது, நாள் எது என்ற கணக்கைச் சபை தொலைக்காமல் வைத்திருந்ததில் இப்படிப்பட்ட ஒழுங்குக்குப் பெரிய பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

249இல் டேசியஸ் பேரரசரானார். பேரரசின் குடிகள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், அதற்குச் சான்றிதழும் வாங்க வேண்டும் என்று கட்டளை போட்டார். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரஸ் தாளாகவே கிடைத்திருக்கின்றன. மனுப் போல இருக்கும். நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் கட்டளைப்படி உங்கள் கண்முன்னே திரவப்பலி வார்த்தேன், பலியிட்டேன், படையலை உண்டேன், இதற்குக் கீழே சான்றளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று விண்ணப்பதாரர் சொல்வார். கீழே அதிகாரிகள் பார்த்ததாகக் கையெழுத்திடுவார்கள். தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் வாங்குவது போன்ற காரியம்தான்; ஆனால் வாங்க மறுத்தால் சிறை, சித்திரவதை, சிலருக்கு மரணம்.

ரோமையில் முதலில் குறி வைக்கப்பட்டவர்களில் பபியானும் ஒருவர். 250 ஜனவரி 20இல் அவர் மறைசாட்சியாக இறந்தார். அடுத்த ஆயரைத் தேர்ந்தெடுக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, நெருக்கடி அப்படி.

1854இல் தொல்லியலாளர் ஜொவான்னி பத்தீஸ்தா தெ ரோஸ்ஸி கலிஸ்து நிலத்தடிக் கல்லறையில் திருத்தந்தையரின் அறையைக் கண்டுபிடித்தார். உடைந்து கிடந்த பலகைகளில் ஒன்றில் கிரேக்க எழுத்தில் 'பபியான், ஆயர்' என்று இருந்தது. பக்கத்தில் 'மறைசாட்சி' என்பதன் சுருக்கக் குறி. அந்தக் குறி மட்டும் வேறு கையால் பின்னர் செதுக்கப்பட்டது. கல்லறையை மூடிய அன்று பெயரும் பதவியும் போதுமாக இருந்தது. மறைசாட்சி என்ற பட்டத்தைச் சபை பின்னால் வந்து சேர்த்திருக்கிறது. ஒரு மனிதர் புனிதராவதன் படிநிலை ஒரே பலகையில் கண்ணுக்குத் தெரியும் இடம் இது.

செபஸ்தியார்: அம்பு கொல்லவில்லை

செபஸ்தியார் விஷயம் தலைகீழ். பபியானுக்குச் சான்று அதிகம், கதை குறைவு. செபஸ்தியாருக்குக் கதை அதிகம், பழைய சான்று சில வரிகளே. அவற்றை வயது வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும்.

1. 354 பட்டியல். பெயர், நாள், இடம் மட்டும்.

2. மிலான் ஆயர் அம்புரோசியார், 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. திருப்பாடல் விளக்கம் ஒன்றில், செபஸ்தியார் மிலானைச் சேர்ந்தவர், ரோமைக்குப் போனார், அங்கே நம்பிக்கைக்காகத் துன்புற்று இறந்தார் என்கிறார். இங்கே அம்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

3. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த பாடுகளின் வரலாறு. நமக்குத் தெரிந்த கதை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. பேரரசரின் காவற்படை அதிகாரி செபஸ்தியார் மறைவாகக் கிறிஸ்தவராக இருந்து, சிறையில் உள்ளவர்களைத் திடப்படுத்துகிறார். செய்தி வெளியானதும் டயோக்ளீசியன் அவரைக் கட்டிவைத்து அம்பெய்யச் சொல்கிறான். இறந்துவிட்டார் என்று வீரர்கள் விட்டுப்போகிறார்கள். உடலை அடக்கம் செய்ய வந்த இரேன் என்ற கைம்பெண், உயிர் இருப்பதைக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்திட்டுக் காப்பாற்றுகிறாள். குணமானவர் தப்பி ஓடவில்லை. நேரே பேரரசன் வரும் வழியில் போய் நின்று அவனைக் கண்டிக்கிறார். இந்த முறை தடிகளால் அடித்தே கொல்கிறார்கள். உடலை நகரத்தின் பெரிய சாக்கடையில் வீசுகிறார்கள். லூசினா என்ற பெண் அதை எடுத்துக் கத்தகும்பாஸில் அடக்கம் செய்கிறாள்.

ஆக, நம் ஆலயங்களில் மரத்தில் கட்டப்பட்டு அம்பு தைத்து நிற்கும் சுரூபம் அவருடைய மரணக் காட்சி அல்ல. அவர் பிழைத்துக்கொண்ட காட்சி. கேரளத்தில் அவருடைய விழாவை 'அம்புப் பெருநாள்' என்றே அழைக்கிறார்கள். அந்த அம்பை வைத்துத்தான் பபியானைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு செபஸ்தியார் உலகமெங்கும் போனார். விவிலியத்தில் 91ஆம் திருப்பாடல் 'பகலில் பறக்கும் அம்பு' என்று சொல்லி, அடுத்த வரியிலேயே கொள்ளைநோயைச் சொல்கிறது. கிரேக்கக் காப்பியத்திலும் அப்பல்லோ தெய்வம் அம்பெய்துதான் படைவீட்டில் கொள்ளைநோயைப் பரப்புகிறது. அம்பு தைத்தும் சாகாதவர், கொள்ளைநோய் தாக்கினாலும் நம்மைக் காப்பார் என்று மக்கள் நம்பினார்கள். 680இல் இத்தாலியின் பாவியா நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது செபஸ்தியாருக்குப் பீடம் எழுப்பியதும் நோய் தணிந்ததாகப் பவுல் என்ற திருத்தொண்டர் எழுதிய லொம்பார்டு வரலாறு சொல்கிறது. அந்தக் காலத்து ரோமை மொசைக் ஓவியம் ஒன்றில் செபஸ்தியார் தாடியுள்ள பெரியவராக, முழு ஆடையுடன் நிற்கிறார். இளைஞர் உருவமும் அம்புகளும் ஓவியர்களின் பிற்காலக் கொடை.

'கேட்டகோம்' என்று ரோமையின் எல்லா நிலத்தடிக் கல்லறைகளுக்கும் இன்று வழங்கும் பெயர், முதலில் செபஸ்தியார் அடக்கமான இந்த ஓர் இடத்துக்கு மட்டுமே உரியது. பள்ளத்தை ஒட்டிய இடம் என்ற பொருளில் வந்த ஊர்ப்பெயர் அது.

கதை தவறினாலும் தேதி தவறாதா?

புனிதர் வரலாற்று ஆய்வில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பெல்ஜியத்தின் பொல்லாண்டிஸ்ட் இயேசு சபை ஆய்வாளர்கள் 1643இல் புனிதர்களின் வரலாறுகளை வெளியிடத் தொடங்கினார்கள், அதுவும் விழா நாள்களின் வரிசையில். அவர்களில் ஒருவரான இப்போலித் தெலெஹாய், ஒரு புனிதரைப் பற்றிய செய்திகளில் உறுதியானவை இரண்டு என்று வலியுறுத்தினார்: வழிபாட்டின் இடம், வழிபாட்டின் நாள். கதை எழுதுபவர் பெயர்களைக் கூட்டலாம், உறவு கட்டலாம், வசனம் எழுதலாம். ஆனால் ஆண்டுதோறும் மக்கள் கூடும் கல்லறையையும் தேதியையும் ஓர் எழுத்தாளர் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது, ஊர் ஒப்புக்கொள்ளாது.

இதை ஜனவரி 20க்குப் பொருத்தினால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. கிழக்கத்திய பைசாந்திய மரபில் பபியானுக்கு ஆகஸ்ட் 5, செபஸ்தியாருக்கு டிசம்பர் 18. அங்கே இருவரும் சேர்ந்து வருவதே இல்லை. இருவரும் சேர்ந்து இறந்திருந்தால், கதையில் அந்த இணைப்பு இருந்திருந்தால், கிழக்கிலும் இணைந்தே வந்திருப்பார்கள். ஜனவரி 20 ரோமைக் கல்லறைகளின் தேதி. ரோமைக் கல்லறைகளுக்குப் போகாத சபைக்கு அந்தத் தேதி கட்டாயம் இல்லை.

ஒரே நாளைப் பகிர்வதற்கு வேறு வழிகள்

பபியான், செபஸ்தியார் இணைவு தற்செயல். எல்லாப் பகிர்வும் அப்படியல்ல. பழைய பட்டியலிலேயே குறைந்தது மூன்று வேறு வழிகளைக் காணலாம்.

1. சபை விரும்பிச் சேர்த்தது. ஜூன் 29, பேதுருவும் பவுலும். அந்த வரியில் அபூர்வமாக ஆண்டுக்குறிப்பு இருக்கிறது: டஸ்கஸும் பாஸஸும் கான்சல்களாக, அதாவது ரோமையின் உயர் ஆட்சிப் பதவியில், இருந்த ஆண்டு. அது 258. அப்போஸ்தலர்கள் இறந்தது நீரோ காலத்தில், ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன். ஆகவே 258 அவர்கள் இறந்த ஆண்டாக இருக்க முடியாது. அந்த ஆண்டில் இருவரையும் சேர்த்து நினைவுகூரும் வழிபாடு கத்தகும்பாஸில் தொடங்கியதையே அது காட்டுகிறது. ஆம், செபஸ்தியார் பின்னர் வந்து சேர்ந்த அதே இடம். 1915இல் அங்கே தோண்டியபோது பக்தர்கள் விருந்துண்ட கூடத்தின் சுவரில் நூற்றுக்கணக்கான கீறல் எழுத்துகள் வெளிப்பட்டன. 'பவுலே, பேதுருவே, விக்டருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் கிறுக்கி வைத்திருக்கிறார். அகுஸ்தினார் தம் மறையுரை ஒன்றில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: இருவரும் வெவ்வேறு நாளில் துன்புற்றாலும் ஒன்றாகவே இருந்தார்கள், அதனால் ஒரே நாள்.

செப்டம்பர் 16இல் வரும் கொர்னேலியுஸ், சிப்பிரியான் இணையும் இந்த வகைதான். பபியானுக்குப் பின் ரோமை ஆயரான கொர்னேலியுஸ் 253இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் 258 செப்டம்பர் 14இல் தலை வெட்டப்பட்டார். துன்புறுத்தலின்போது நம்பிக்கையை மறுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை ஏற்பதா கூடாதா என்ற பெரிய சண்டையில் இருவரும் ஒரே பக்கம் நின்று கடிதம் எழுதிக்கொண்டவர்கள். கொர்னேலியுஸின் கல்லறைச் சுவரில் இருவரையும் சேர்த்தே பின்னாளில் ஓவியம் தீட்டினார்கள். 14ஆம் தேதி திருச்சிலுவை விழாவுக்குப் போய்விட்டதால் இவர்கள் 16க்கு நகர்ந்தார்கள்.

2. தேதி உறவாக மாறியது. ஜூலை 10க்கு 354 பட்டியல் ஏழு மறைசாட்சிகளைச் சொல்கிறது, நான்கு வெவ்வேறு கல்லறைகளில். மூன்று கல்லறைகள் நகரத்தின் வடக்கே சலாரியா சாலையில். ஒன்று தெற்கே ஆப்பியா சாலையில். பின்னால் வந்த கதை இந்த ஏழு பேரையும் பெலிசித்தா என்ற ரோமைத் தாயின் ஏழு மகன்களாக்கிவிட்டது. மக்கபேயர் நூலில் ஏழு மகன்களோடு இறந்த தாயின் வரலாறு எல்லாருக்கும் மனப்பாடம். அச்சு தயாராக இருந்தது. இதை மோசடி என்று ஒதுக்குவது சரியல்ல. ஒரே நாளில் ஏழு பேரை வணங்கி வந்த ஒரு சமூகம், 'இவர்கள் ஏன் ஒன்றாக இருக்கிறார்கள்?' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு சொன்ன பதில் அது. ஆனால் வரலாறாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

3. உண்மையிலேயே சேர்ந்து இறந்தது. மார்ச் 7, பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும். மேலே சொன்ன ரோமைப் பெலிசித்தா வேறு, இவர் வேறு. இடம் கார்த்தேஜ், ஆண்டு 203. பெர்பெத்துவா சுமார் 22 வயது, நல்ல குடும்பத்துப் பெண், கைக்குழந்தைக்காரி. பெலிசித்தா அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. அவர்களோடு சாத்துருஸ், ரெவொக்காத்துஸ் போன்ற தோழர்கள். பெர்பெத்துவா சிறையில் தன் கையாலேயே எழுதிய குறிப்புகள் அந்த வரலாற்றுக்குள் இருக்கின்றன. இருட்டறையின் பயம், பால் கட்டிய மார்பு, குழந்தையைத் தன்னிடம் கொடுத்ததும் சிறையே அரண்மனை போல ஆனது, நரைத்த தலையோடு காலில் விழுந்து கெஞ்சிய தந்தை என்று எல்லாம் அவரே சொல்கிறார்.

பெலிசித்தாவின் கவலை வேறு. கர்ப்பிணிகளைக் கொல்ல ரோமைச் சட்டம் அனுமதிக்கவில்லை. பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. தோழர்கள் அன்று இறந்துவிடுவார்கள். தன்னை மட்டும் பிரசவம் வரை நிறுத்தி வைத்து, பிறகு யாரோ குற்றவாளிகளோடு கொல்வார்கள் என்று துயரப்பட்டார். தோழர்களும் அதே துயரத்தோடு சேர்ந்து வேண்டினார்கள். உடனே வலி எடுத்தது. எட்டாம் மாதப் பிரசவம் கடினமாக இருந்தது. பெண் குழந்தை பிறந்தது; சபைச் சகோதரி ஒருத்தி அதைத் தன் மகளாக வளர்த்தாள். பெலிசித்தா தோழர்களோடு அரங்கத்துக்குள் போனார். ஒரு நாளைப் பகிர்வது இங்கே நாள்காட்டி செய்த ஏற்பாடு அல்ல. ஒரு பெண் அழுது கேட்டு வாங்கியது.

1969இல் என்ன மாறியது?

நூற்றாண்டுகள் போகப் போகப் புனிதர்களின் எண்ணிக்கை பெருகியது, நாள்கள் 365தான். ஒருவரை மற்றவர் நகர்த்துவது வழக்கமானது. இதை ஒழுங்குபடுத்தத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1969 பிப்ரவரி 14இல் ஆணை வெளியிட்டுப் புதிய பொது நாள்காட்டியைக் கொண்டுவந்தார். புனிதர்களை 'நீக்கிவிட்டார்கள்' என்ற வதந்தி அப்போது கிளம்பியது, இன்றும் ஓயவில்லை. நடந்தது இதுதான்.

1. பொது நாள்காட்டியில் இல்லாதவர் புனிதர் இல்லை என்று பொருளல்ல. பயணிகளின் பாதுகாவலரான கிறிஸ்தோபர் ஜூலை 25இல் யாக்கோபோடு நாளைப் பகிர்ந்துவந்தார். 1969க்குப் பின் அவரைக் கொண்டாடுவது அந்தந்த இடத்துச் சபைகளுக்கு விடப்பட்டது. உலகம் முழுவதற்குமான பட்டியலிலிருந்து மட்டுமே விலகினார்.

2. ஜனவரி 20. அதுவரை 'பபியான், செபஸ்தியார், மறைசாட்சிகள்' என்று இருவருக்கும் சேர்த்து ஒரே விழாவாக இருந்தது. 1969இல் நாள் அப்படியே இருக்க, நினைவு இரண்டாகப் பிரிந்தது. குரு இருவரில் ஒருவருடைய நினைவைக் கொண்டாடலாம், அல்லது வாரநாள் திருப்பலியையே நிறைவேற்றலாம். அதுதான் 'விருப்ப நினைவு'. வெவ்வேறு காலத்தில் இறந்தவர்களை ஒரே மன்றாட்டில் சேர்க்காமல் அவரவரை அவரவராக நினைப்பது நேர்மையான முடிவு என்பதே என் கருத்து.

3. சரி, அப்படியானால் ஊர்த் திருவிழா? வழிபாட்டுக் கொண்டாட்டங்களுக்குப் பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்று தரங்கள் உண்டு. நாள்காட்டியில் அச்சாகியிருப்பது உலகத் திருச்சபைக்குப் பொதுவான தரம். ஓர் ஆலயம் எந்தப் புனிதரின் பெயரில் இருக்கிறதோ, அந்த ஆலயத்தில் மட்டும் அவருடைய நாள் பெருவிழா ஆகிவிடும், அதாவது உச்சத் தரம். ஆகவே செபஸ்தியார் ஆலயத்தில் கொடியேற்றிக் கொண்டாடுவதில் எந்த விதிமீறலும் இல்லை. அங்கே பெருவிழாத் திருப்பலி வைப்பதே முறை. அடுத்த ஊரின் மாதா கோவிலில் அதே நாள் விருப்ப நினைவு.

4. மார்ச் 7. இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 1274 மார்ச் 7இல் இறந்தார். புனிதரான பிறகு அந்த நாள் அவருடையதாயிற்று. பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் அவருடைய திருப்பலியில் ஒரு துணை மன்றாட்டாகச் சுருங்கினார்கள். 1908இல் அவர்களுக்குத் தனி விழா கிடைத்தது, ஆனால் மார்ச் 6இல். 1969இல் அக்குவினாஸ் ஜனவரி 28க்குப் போனார். இரண்டு பெண்களும் 354ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த இடத்துக்கே, பெலிசித்தா கேட்டு வாங்கிய அந்த மார்ச் 7க்கே திரும்பி வந்தார்கள்.